உப்புவெளியில் கண்ணாடி இழைக் கம்பி: பீம் எங்கே தோற்கும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். திருகோணமலை உப்புவெளியில் கடலிலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் தள்ளி, பழைய வீட்டை இடித்துவிட்டு மாடியோடு ஒரு விருந்தினர் விடுதி கட்டப் போகிறீர்கள். பழைய வீட்டின் பீமெல்லாம் கம்பி துருப்பிடித்து வெடித்துப்போய்க் கிடக்கிறது. கம்பி விற்பவர் ஒருவர் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுவந்து காட்டி, "இரும்பைவிட இது வலு கூட. 16 போடுகிற இடத்தில் 12 மில்லிமீற்றர் போதும். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் பழையபடி இரும்பிலேயே இருக்கட்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு இழைச் சாந்து போட்டால் கொம்போசிட் பீம், அதாவது இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றாக வேலை செய்கிற பீம், ஆகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னதில் துருப்பிடிக்காது என்பதும், இழுத்தால் வலு கூட என்பதும் உண்மை. 16க்குப் பதில் 12 என்பது பிழை. இரும்பு ரிங் இருக்கட்டும் என்பது இன்னும் பெரிய பிழை. இழைச் சாந்து விஷயம் நல்ல யோசனைதான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் செய்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பீமில் ஷியர் என்கிற வெட்டு விசையை எது தாங்குகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

திருமலையில் கம்பி ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கடற்கரை வீட்டு யன்னல் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தால் உப்புப் பிசுபிசுக்கும். அந்த உப்புத்தான் கொங்கிறீட்டுக்குள்ளும் மெல்ல மெல்ல இறங்குகிறது. கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளே இருந்து தள்ள, வெளிக் கொங்கிறீட் பிளந்து விழும்.

உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சுத்தியலின் பின்பக்கத்தால் பீமைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கல்லில் தட்டியது போலக் கணீரென்றது. பழுதான இடத்தில் காலிப் பால்மா டின்னைத் தட்டியது போல இருந்தது. பீமின் பக்கவாட்டில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள், பழுப்பு நிறத்தில். உள்ளே ரிங் எங்கெங்கே இருக்கிறது என்று பீமே படம் வரைந்து வைத்திருந்தது. அடிக் கம்பி அவ்வளவு மோசமில்லை. முதலில் அழிந்தது ரிங்தான், ஏனென்றால் ரிங்தான் எல்லாக் கம்பிக்கும் வெளியே, உப்புக்கு ஆகக் கிட்ட இருக்கிறது. ஒரு பக்கம் விரலால் தேய்த்தாலே தூளாக வந்தது. அந்த வீட்டுப் பீமில் ஷியரைத் தாங்கவென்று போட்ட இரும்பில் பாதிகூட மிச்சமிருக்கவில்லை. ஆகவே, அடிக் கம்பியைக் கண்ணாடி இழைக்கு மாற்றிவிட்டு ரிங்கை மட்டும் இரும்பில் விட்டால், முதலில் துருப்பிடிக்கப் போவதை விட்டுவிட்டு இரண்டாவதை மாற்றியதாகத்தான் ஆகும்.

இனி "வலு கூட" என்ற பேச்சு. சாதாரணக் கண்ணாடி இழைக் கம்பி இழுவையில் 600 முதல் 1000 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நாம் வாங்குகிற இரும்புக் கம்பி 500 மட்டில் இளகத் தொடங்கும். அந்த எண்களை மட்டும் பார்த்தால் விற்பவர் சொல்வது சரிதான். ஆனால் கம்பிக்கு இன்னொரு எண்ணும் உண்டு: இழுத்தால் நீளாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது. அதைத்தான் மீள்தன்மை மட்டு என்கிறோம். இரும்புக்கு அது 200 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக்குப் பொதுவாக 40 முதல் 60. அதாவது ஒரே விசைக்கு இந்தக் கம்பி நாலு மடங்கு நீளும்.

கரைவலைக்காரரிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். தடித்த நைலோன் கயிறும் வள்ளத்தை இழுக்கும், இரும்பு வடமும் இழுக்கும், இரண்டும் அறாது. ஆனால் நைலோன் கயிற்றில் கட்டிய வள்ளம் அலைக்கு அலை பின்னே போய் முன்னே வரும். வடத்தில் கட்டியது அசையாது. பீமுக்குள் இருக்கிற கொங்கிறீட்டுக்கு அசையாத கம்பிதான் வேண்டும், ஏனென்றால் கொங்கிறீட் நீளவே நீளாது, வெடித்துவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இரும்பு இளகும்: பாரம் கூடினால் பீம் தொய்ந்து, வெடிப்பு அகன்று, "என்னைக் கவனி" என்று சொல்லிவிட்டுத்தான் விழும். கண்ணாடி இழைக் கம்பிக்கு இளகுதல் என்ற கட்டமே இல்லை. கடைசி வரை நேர்கோட்டில் நீண்டு, பிறகு அறும்.

சரி, ஷியருக்கு வருவோம். ஒரு பீமின் நடுவில் பாரம் வைத்தால் அடியில் நேரான வெடிப்புகள் வரும், அது வளைவு. தூணுக்குக் கிட்ட வரும் வெடிப்புகள் சாய்ந்திருக்கும், தூணருகே பீமின் அடியிலிருந்து பாரத்தை நோக்கி மேலேறும். அந்தச் சாய்ந்த வெடிப்பு திறந்துகொண்டால் பீம் இரண்டாகப் பிரியும். வளைவுத் தோல்வி போல முன்னறிவித்தல் அதற்கு இல்லை. ஆய்வுகூடத்தில் ரிங் இல்லாத பீம் ஒன்று ஷியரில் உடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. 1955இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் விமானப்படைக் களஞ்சியம் ஒன்றின் கூரை இப்படித்தான் விழுந்தது. ஏறத்தாழ 900 மில்லிமீற்றர் ஆழமான பீம்கள், உடைந்த பகுதியில் ரிங் இல்லை. உலகெங்கும் ஷியர் விதிகள் இறுகியதற்கு அந்த விபத்து ஒரு முக்கிய காரணம்.

சாய்ந்த வெடிப்பு வந்த பிறகு அதைக் கடந்து விசையைக் கொண்டுபோகிறவை நான்கு. வெடிப்புக்கு மேலே இன்னும் வெடிக்காமல் அமுங்கி நிற்கிற கொங்கிறீட் ஒன்று. வெடிப்பின் இரு முகத்திலும் சல்லிக்கற்கள் துருத்திக்கொண்டு ஒன்றோடொன்று பல் கடிப்பது இரண்டாவது. அடிக் கம்பி ஆணி போலக் குறுக்கே நின்று தாங்குவது மூன்றாவது. நான்காவது ரிங்.

கண்ணாடி இழைக் கம்பி போட்டால் இந்த நாலும் குறைகிறது. கம்பி கூட நீள்வதால் வெடிப்பு உயரமாக ஏறுகிறது. மேலே அமுங்குகிற கொங்கிறீட் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்குகிறது. வெடிப்பு அகலமாகிறது, சல்லியின் பல் எட்டுவதில்லை. ஆணி வேலை அநேகமாக இல்லை, ஏனென்றால் இந்தக் கம்பியின் இழையெல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது, குறுக்கே அமுக்கினால் தாங்குவது இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கிற பிசின்தான். ரிங்கின் கதை தனி, பிறகு சொல்கிறேன்.

கையால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 225 மில்லிமீற்றர் அகலம், கம்பி வரை 400 ஆழம், அடியில் 16 மில்லிமீற்றர் கம்பி மூன்று. கொங்கிறீட் சிலிண்டர் வலு, அதாவது உருளையாக வார்த்து அமுக்கிப் பார்த்த வலு, 25 மெகாபாஸ்கல். கம்பி இரும்பானால், அமுங்குகிற பட்டை 114 மில்லிமீற்றர் ஆழம். அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவனத்தின் பழைய எளிய சூத்திரப்படி ரிங் இல்லாமல் கொங்கிறீட் மட்டும் தாங்குவது 76 கிலோநியூட்டன். அதே மூன்று கம்பியைக் கண்ணாடி இழைக்கு மாற்றுகிறேன், மட்டு 46 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு. அமுங்குகிற பட்டை 60 மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. இந்தக் கம்பிக்கென்றே அதே நிறுவனம் எழுதிய வழிகாட்டியின் சூத்திரம் மிக எளிது: கொங்கிறீட் வலுவின் வர்க்கமூலத்தை 0.4ஆல் பெருக்கி, அகலத்தாலும் அந்தப் பட்டையின் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். விடை 27 கிலோநியூட்டன். மூன்றில் ஒரு பங்கு!

விற்பவர் சொன்னபடி 12 மில்லிமீற்றர் மூன்று போட்டால் பட்டை 46 மில்லிமீற்றர், கொங்கிறீட்டின் பங்கு 21 கிலோநியூட்டன். அதோடு முடியவில்லை. 16 போட்ட பீம் வளைவில் தோற்றால் முதலில் மேல் கொங்கிறீட் நொறுங்கும், அது ஓரளவு மெதுவாக நடக்கும். 12 போட்டது கம்பி அறுந்து தோற்கும். இளகாத கம்பிக்கு அந்த வழி ஆகாது என்பதால்தான் இந்தக் கம்பியில் பீம் வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே கம்பியைக் கூடப் போடுவார்கள். இரும்புப் பீமில் கம்பி கூடினால் பிழை என்று படித்துவிட்டு வந்தவனுக்கு முதலில் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது.

மட்டு கூடிய, 60 கிகாபாஸ்கல் தரக் கம்பிகளும் இப்போது வருகின்றன. அதைப் போட்டாலும் இந்தப் பீமில் கொங்கிறீட்டின் பங்கு 30ஐத் தான் தொடுகிறது. கார்பன் இழைக்கு மட்டு 120க்கு மேலே, ஆனால் விடுதி கட்டுகிறவர் அந்த விலையை யோசிக்கவே வேண்டாம். இந்த எண்களில் பாதுகாப்புக் குணகங்கள் எதையும் சேர்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தான் போட்டேன், வரைபடத்தில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பீமில் உண்மையில் வரும் ஷியர் எவ்வளவு? நாலரை மீற்றர் நீளம், மேல்மாடி சிலாப்பும் ஒரு சுவரும் ஏறினால் மீற்றருக்கு 30 கிலோநியூட்டன் என்று வைத்தால், தூண் முகத்தில் 65 அளவில் வரும். இரும்புப் பீமில் கொங்கிறீட்டே கிட்டத்தட்ட அதைச் சமாளிக்கிறது, ரிங் ஒரு காவலுக்கு நிற்கிறது. இத்தனை காலமாக நம்மூர் மேசன்மார் ரிங்கை ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று என்று தூரத் தூரக் கட்டியும் வீடு நின்றதற்குக் காரணம் இதுதான். கண்ணாடி இழைப் பீமில் அந்தச் சலுகை இல்லை. அங்கே ரிங் தான் பெரும்பங்கைச் சுமக்க வேண்டும்.

அந்த ரிங்கை எதில் செய்வது? கண்ணாடி இழையிலேயே செய்யலாம் என்றால், அதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது: முழங்கை. நேராக ஓடும் இழையை வளைத்தால் உள்பக்க இழை சுருங்கி மடிகிறது, வெளிப்பக்க இழை விறைக்கிறது. வளைவில் மிஞ்சும் வலு நேர்க்கம்பியின் பாதிகூட இல்லை. வளைவின் உள் ஆரம் கம்பி விட்டத்தின் மூன்று மடங்கு என்றால், சூத்திரப்படி 45 சதவீதம். அதற்கும் மேலே இன்னொரு கட்டுப்பாடு: ரிங் நீட்சியை 0.004க்கு மேல், அதாவது நீளத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்குக்கு மேல், போகவிடக் கூடாது என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. 2022இல் வந்த அதே நிறுவனத்தின் சட்டக்கோவை 0.005 என்று கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. கம்பி அறுவதற்கு அதைவிட மூன்று நாலு மடங்கு நீள வேண்டும், பிறகு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ரிங் அவ்வளவு நீண்டால் சாய்ந்த வெடிப்பு அகன்று, சல்லியின் பல் கழன்றுவிடும். கொங்கிறீட்டின் பங்கும் ரிங்கின் பங்கும் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமென்றால் வெடிப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஆகவே 700 மெகாபாஸ்கல் என்று விற்கிற கம்பியை ரிங்காகப் போடும்போது நமக்குக் கணக்கில் வருவது, மட்டு 46 கிகாபாஸ்கலை 0.004ஆல் பெருக்கினால் கிடைக்கிற 184 மெகாபாஸ்கல் மட்டுமே. சாதாரண மெல்லிரும்பு ரிங்குக்கே 250 கிடைக்கும். 10 மில்லிமீற்றர் ரிங்கை 150 இடைவெளியில் போட்டால் ரிங்கின் பங்கு 77 கிலோநியூட்டன்; கொங்கிறீட்டின் 27ஐயும் கூட்டினால் 104. குணகங்களைப் போட்ட பிறகும் உங்கள் 65க்குப் போதும். அதாவது செய்ய முடியாத காரியமில்லை. ஆனால் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங், தூணுக்குக் கிட்ட இன்னும் நெருக்கம், எந்த இடத்திலும் ஆழத்தின் பாதியான 200 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. "ரிங் பழையபடி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சைட்டில் வளைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரைத் தூர நிறுத்துங்கள். இந்தக் கம்பியின் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், இளக்கி வளைக்க முடியாது. நிலாவெளிப் பக்கம் ஒரு சைட்டில் பார்த்தேன். கம்பி கட்டுகிற பெடியன் காஸ் டோர்ச்சால் சூடாக்கி, இரும்புக் குழாயைக் கொழுவி, மூலையை வளைத்திருந்தான். நல்ல வேலைக்காரன், மூலை அழகாகத்தான் வந்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன்: வளைவின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது, பிசின் கருகி இழை நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நகத்தால் கீறினால் நூல் கையோடு வந்தது. அன்றைக்கு 60 ரிங் தயாராகிவிட்டது. எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னேன், வீட்டுக்காரருக்கும் எனக்கும் அன்று நல்ல முகமில்லை.

தொழிற்சாலையில் வளைத்தே வாங்க வேண்டும், ஆகவே பீமின் அளவை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: 10 மில்லிமீற்றர் ரிங்கின் மூலை 30 மில்லிமீற்றர் ஆரத்தில் உருண்டு வரும். அடிக் கம்பி அந்த மூலைக்குள் இறுக்கமாக உட்காராது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வரைபடத்தில் கம்பியை மூலையில் ஒட்டி வரைந்துவிட்டு, சைட்டில் வந்து மேசனைத் திட்டுகிற பொறியியலாளர்களும் இருக்கிறார்கள்.

துருப்பிடிக்காத எஃகில், அதாவது ஸ்டெயின்லஸ் ஸ்டீலில், ரிங் செய்வதும் ஒரு வழி. மட்டு இரும்பைப் போலவே கூட, சைட்டில் வளைக்கலாம். ரிங் மொத்தக் கம்பியில் சிறு பங்குதான் என்பதால் விலையும் அவ்வளவு கடிக்காது. நான் கட்டினால் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

இப்போது கொம்போசிட் பீம். விற்பவர் சொன்ன இழைச் சாந்து பெரும்பாலும் இப்படி ஒன்றாக இருக்கும்: சீமெந்து, நுண்மணல், சாம்பல்தூள், கனவளவில் இரண்டு சதவீதம் நுண்ணிய செயற்கை இழை. சல்லி கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ என்பவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வகை இது. சாதாரணக் கொங்கிறீட் நூற்றுக்கு 0.01 பங்கு நீண்டாலே வெடிக்கும். இது நூற்றுக்கு மூன்று பங்கு வரை நீளும். வெடிக்காமல் அல்ல, ஒரு பெரிய வெடிப்புக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் மயிரிழை வெடிப்புகள், ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒவ்வொரு வெடிப்புக்கும் குறுக்கே ஆயிரம் நூல் தையல் போட்டது போல நிற்கும்.

நீளுகிற கம்பிக்கு நீளுகிற சாந்து நல்ல ஜோடி. கம்பி நீளும்போது சுற்றியிருக்கும் சாந்தும் சேர்ந்து நீள்வதால் கம்பிக்கும் சாந்துக்கும் பிடிப்பு விடுவதில்லை, கம்பியை ஒட்டிப் பிளப்பு ஓடுவதில்லை, அடியில் வெடிப்பு அகலமாவதில்லை. சாய்ந்த வெடிப்பு பிறக்கிற இடமும் அடிதான். ஆகவே இப்படிப்பட்ட பீம்களைச் சோதித்தவர்கள் ஷியர் வலு கூடுகிறது, தோல்வி கொஞ்சம் நிதானமாகிறது என்று காண்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அடியில் இரண்டு அங்குலம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாய்ந்த வெடிப்பு அந்த இரண்டு அங்குலத்தைத் தாண்டி மேலே ஏறினால் அதன் பிறகு முழுதும் சாதாரணக் கொங்கிறீட். அங்கே தையல் நூல் இல்லை. பீமின் 400 ஆழத்தில் வெடிப்பு ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஷியருக்கு உதவ வேண்டுமென்றால் சாந்து பீமின் பக்கங்களில் இருக்க வேண்டும். அதனால் எனக்குப் பிடித்த வடிவம் தொட்டி வடிவம்: 30, 40 மில்லிமீற்றர் தடிப்பில் அடியும் இரு பக்கமும் சேர்ந்த ஒரு வாய்க்கால் போல இழைச் சாந்தில் முன்கூட்டியே வார்த்து, அதையே பலகை அடிக்கிற இடத்தில் வைத்து, உள்ளே கம்பி கட்டிக் கொங்கிறீட் போடுவது. சாய்ந்த வெடிப்பு எங்கே ஓடினாலும் இரு பக்கச் சுவரும் அதைத் தைத்துப் பிடிக்கும். உப்பும் அந்தச் சுவரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். பலகைச் செலவும் மிச்சம்.

இரண்டு பொருளைச் சேர்க்கும்போது அவற்றுக்கிடையே உள்ள முகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிள்ளைகளின் கொப்பி பத்தை அடுக்கி இரு கையாலும் வளைத்துப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் படிக்கட்டாகும். பத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டு வளைத்தால் அசையாது. உங்கள் பீமில் அடிச் சாந்துக்குள்ளே கம்பி இருந்தால், கம்பியின் இழுவை முழுதும் அந்தப் பொருத்து முகத்தைக் கடந்துதான் மேலே போக வேண்டும். 65 கிலோநியூட்டனை 225க்கும் 400க்கும் பகிர்ந்தால் அந்த முகத்தில் 0.72 மெகாபாஸ்கல் வழுக்கு அழுத்தம் வருகிறது. சுத்தமாக்கிக் கரடுமுரடாக்கிய முகத்துக்கு, குறுக்கே கம்பி இல்லாவிட்டால், அமெரிக்கச் சட்டக்கோவை தருவது 0.55 மட்டும். போதாது! முகம் கரடாக இருப்பதோடு ரிங்கும் அடிச் சாந்தையும் மேல் கொங்கிறீட்டையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். ரிங்கைச் சாந்துக்கு மேலே நிறுத்திவிட்டு அடியில் வெறும் சாந்தைப் பூசுவது பூச்சு வேலை, கொம்போசிட் அல்ல.

கரடு என்றால் எவ்வளவு? கால் அங்குலம் மேடுபள்ளம். சாந்து இறுகத் தொடங்கும்போது தும்புத்தடியால் இழுத்தால் வருகிற கீறல் போதாது. ஆணி அடித்த பலகையால் குறுக்குவாட்டில் கீற வேண்டும். நீளவாக்கில் கீறினால் வழுக்குவதற்கு நீங்களே தண்டவாளம் போட்டுக் கொடுத்த மாதிரி.

கச்சான் வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லை. இந்தச் சாந்தில் சல்லி இல்லை, சீமெந்து கூட, ஆகவே சுருக்கமும் கூட. அந்த வறண்ட சூட்டுக் காற்றில் ஒரு மணித்தியாலம் திறந்து விட்டால் மேல்தோல் காய்ந்து, கொங்கிறீட் பொருந்த வேண்டிய முகம் தூளாகிவிடும். அதிகாலையில் வார்த்து, நனைத்த சாக்கால் மூடிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கண்ணாடி இழைக்கு உப்பு எதிரியில்லை, சீமெந்தின் காரம்தான் எதிரி. அதனால் பிசின் வினைல் எஸ்டர் வகையாக இருக்க வேண்டும், மலிவான பொலியெஸ்டர் வேண்டாம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹால்ஸ் ஹார்பர் என்ற மீன்பிடித் துறையின் இறங்குதுறையை 1999இல் இந்தக் கம்பியால் கட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதிலும் வேறு சில பாலங்களிலும் கொங்கிறீட்டைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தபோது கம்பி கெட்டிருக்கவில்லை. நெருப்புக்கு இது ஆகாது, நூறு பாகை செல்சியஸ் தாண்டியதும் பிசின் இளகத் தொடங்கும். சமையலறைக்கு மேலே உள்ள பீமுக்கு நான் போடமாட்டேன். வெடித்த பிறகு பீம் தொய்வது இரும்புப் பீமைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். நீண்ட பீமில் ஷியருக்கு முன்பே இதுதான் உங்களைத் தடுக்கும்.

உங்கள் கட்டடத்துக்கு என் தீர்ப்பு: நிலத்தோடு கிடக்கிற சிலாப், மதில் மேல் கொங்கிறீட், வடிகால், நீச்சல் தடாகத்தைச் சுற்றிய நடைபாதை, இவற்றுக்கெல்லாம் கண்ணாடி இழைக் கம்பியைத் தாராளமாகப் போடுங்கள். மேல்மாடியைத் தாங்குகிற பீமுக்கு நல்ல இரும்பே போதும்: கம்பியை மூடுகிற கொங்கிறீட், அதாவது கவர், 50 மில்லிமீற்றர், தண்ணீர் குறைந்த இறுக்கமான கொங்கிறீட், ரிங் மட்டும் ஸ்டெயின்லஸ். பழைய வீடுகள் வெடித்ததற்கு இரும்பைவிட முக்கால் அங்குலக் கவரும், கையால் குழைத்துத் தண்ணீர் ஊற்றிய கொங்கிறீட்டும்தான் பெரிய காரணம். இல்லை, கண்ணாடி இழையில்தான் பீம் வேண்டும் என்றால், பீமின் மொத்த ஆழத்தை 450 மில்லிமீற்றருக்குப் பதில் 600 ஆக்கி, இந்தக் கம்பிக்கென்றே கணக்குப் போடத் தெரிந்த பொறியியலாளரிடம் வரைந்து வாங்குங்கள். இரும்புக்கு வரைந்த வரைபடத்தில் கம்பியின் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது நடக்கிறது, அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

விற்பவரிடம் ஒரு பத்திரம் கேளுங்கள். அதில் இழுவை வலு மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மட்டு, பிசின் வகை, வளைத்த துண்டின் வலு, குறுக்கு வெட்டு வலு, நாலும் இருக்க வேண்டும்.

கொங்கிறீட் போடுகிற அன்று நீங்கள் நேரில் நில்லுங்கள். கண்ணாடி இழைக் கம்பி இரும்பின் எடையில் நாலில் ஒரு பங்குதான், ஈரக் கொங்கிறீட்டைவிடவும் இலேசு. வைப்ரேட்டர் போட்டதும் கம்பிக்கூடு மெல்ல மிதந்து மேலே வரும். பலகைக்குக் கீழே துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டால் நாலடிக்கு ஒரு இடத்தில் கீழே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு கிரைண்டர் பாவிக்கட்டும், கம்பி வெட்டுகிற கத்தரி போட்டால் நுனி சிதறும். தூள் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். வந்திறங்கிய கம்பியை வெயிலில் போட்டு வைக்காமல் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.